மூன்றாவது அடி

காசிலிங்கம் பிள்ளை எதையும் தொடங்கத் தயங்கியவரில்லை. முடிப்பதற்குத்தான் அவருக்குக் கை வரவில்லை. வீணை நான்கு மாதம் நடந்தது. சித்த வைத்தியம் ஒரு மழைக்காலம் ஓடியது. புகைப்படம் பிடிக்கும் ஆசை, கண்ணாடித் தகடு கைதவறி விழுந்து நொறுங்கிய நாளோடு சரி. மேல ரத வீதியில் இருந்த அவர் வீட்டுப் பரணில் இந்தச் சாமான்களெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. முன்சீப் கோர்ட்டில் நகல் குமாஸ்தா வேலை மட்டும் ஏழு வருஷமாக நிலைத்திருந்தது. அதைத் தொடங்கி வைத்தது அவரில்லை, அவருடைய மாமனார், அதனால்தான் நிலைத்தது என்று தலைமைக் குமாஸ்தா சங்கரசுப்பிரமணியன் நாலு பேர் இருக்கும்போது சொல்லிச் சிரிப்பார்.

மனிதர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். சாப்பிடும்போதும் ஆடும். சந்நிதியில் தீபாராதனைக்குக் கண்ணை மூடி நிற்கையில் கட்டைவிரலாவது ஆடும். அவருக்கு என்னதான் வேண்டும் என்பது அவருக்கே தெரியாது. எதுவோ ஒன்று வேண்டும், அது மட்டும் தெரியும்.

டில்லியில் சக்கரவர்த்திக்கு முடிசூட்டிய மறு வருஷம் ஆவணியில், பாளையங்கோட்டையிலிருந்து சீமைக்குத் திரும்பும் துரை ஒருவரின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. பிள்ளை போனது ஒரு சாய்வு மேசைக்காக. மேசையை யாரோ வக்கீல் தட்டிக்கொண்டு போய்விட்டார். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் நின்றவர் கண்ணில் ஒரு கறுப்புப் பெட்டி பட்டது. உள்ளே இடுப்புச் சிறுத்த வாத்தியம் ஒன்று, ஆறு தந்திகளோடு படுத்திருந்தது. கூடவே, விரல்களை எங்கே வைப்பது என்று படம் போட்ட ஒரு இங்கிலீஷ் புத்தகமும் இருந்தது. கேட்க வேறு ஆளில்லை. கிட்டார் பிள்ளையோடு ஆற்றுப்பாலம் தாண்டித் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தது.

அவர் மனைவி பிரம்மநாயகி வாசலிலேயே நின்று பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள்.

“இதுல யாரத் தூக்கிப் படுக்கப் போடப் போறிய?”

“வாத்தியம்ளா. வெள்ளைக்காரன் வீணைன்னு வச்சிக்கோயேன்.”

“நம்ம வீணையே பரண்ல கிடக்கு. அதுக்குத் தொணைக்கா?”

அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். வாய் துடுக்கு என்றாலும் ஆசாரத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது. சீனியை வெளுக்க எலும்புக்கரி போடுகிறார்கள் என்று எங்கேயோ கேட்டுவிட்டு, அன்றைக்கே வீட்டிலிருந்த சீனியைக் கொட்டிவிட்டுக் கருப்பட்டிக்கு மாறியவள். கலெக்டரே வந்து நின்றாலும் அந்த வீட்டில் கருப்பட்டிக் காப்பிதான்.

சரஸ்வதி பூசை வந்தது. புத்தகங்களோடு கிட்டாரையும் மணைப்பலகையில் வைத்து, சந்தனக் கிண்ணத்தை எடுத்தவள் கை பாதியில் நின்றது. மேல் மூன்று தந்திகள் பட்டு நூலில் கம்பி சுற்றியவை, அது பார்த்தாலே தெரிந்தது. கீழ் மூன்றும் மஞ்சளாக, வழவழவென்று இருந்தன.

“இது எதுல செஞ்சது?”

பிள்ளைக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் கிடையாது.

“சீமைக் கத்தாழ நாரு. பதம் பண்ணியிருக்கான்” என்றார், தானே கூட நின்று பதம் பண்ணியவர் போல.

அவள் நம்பினாள். மூன்று தந்திகளுக்கும் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்திப் பூவையும் சாத்தினாள்.

ஐப்பசிக் கடைசியில் அவளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போக ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வில்வண்டி வந்தது. வண்டியில் ஏறப் போனவள் திரும்பி வந்தாள்.

“ஒண்ணு சொல்லுதேன், கோவிக்கப்படாது. நாளைக்கு நம்ம பிள்ளை அந்தப் பரணப் பாத்துட்டு, இதெல்லாம் என்னன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்? நான் திரும்பி வாரதுக்குள்ள ஒரே ஒரு பாட்டத் தொடங்கி, முழுசா முடிச்சிக் காட்டுங்க. முடிச்சியன்னா அது வீட்டுல கிடக்கட்டும். இல்லன்னா யாருக்காவது தூக்கிக் குடுத்துருங்க. பரணுக்கு மட்டும் போவப்படாது.”

அவள் சண்டை போட்டிருந்தால் பிள்ளை பதிலுக்குப் போட்டிருப்பார். அவள் கெஞ்சுகிற மாதிரிச் சொன்னதுதான் அவரைக் குத்தியது. வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அவர் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்துவிட்டார்.

என்ன பாட்டு என்பதில் குழப்பமில்லை. திருகை சுற்றும்போது பிரம்மநாயகி ஒரு பாட்டை முனகுவாள். அவள் பிறந்த வீட்டுப் பாட்டு அது, நாலே அடி. முதல் இரண்டடி தரையிலேயே நடக்கும். மூன்றாவது அடி சட்டென்று மேலே ஏறும். நாலாவது இறங்கி வீட்டுக்கு வந்துவிடும். அவள் இல்லாத வீட்டில் அந்தப் பாட்டு பிள்ளையின் காதிலேயே கிடந்தது.

நான்கு மாத வீணைப் பழக்கம் முதலில் காலை வாரியது. கிட்டாரைச் சம்மணத்தின் மேல் படுக்கப் போட்டு, விரலில் எண்ணெய் தடவி, வீணைக்குக் கூட்டுகிற மாதிரியே சுருதி கூட்டினார். எண்ணெயில் விரல் வழுக்கிக்கொண்டு ஓடியது. புத்தகப் படத்தில் இருந்த துரைசானியோ நாற்காலியில் உட்கார்ந்து, வாத்தியத்தைக் குழந்தையை அணைப்பது போல் நிமிர்த்தி வைத்திருந்தாள். பிள்ளையும் ஒரு முக்காலியைத் தேடி எடுத்து உட்கார்ந்தார். தந்தியை அழுத்தினால் விரல் நுனியில் கத்தியால் கீறுகிற மாதிரி எரிந்தது. அழுத்தாவிட்டால் தொண்டை கட்டியவன் பேச்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஒரு விரலைச் சரியாக வைத்தால் இன்னொரு விரல் அடுத்த தந்தியில் போய் விழுந்தது. அடிப்பாகத்தில் முடிச்சு அடிக்கடி நழுவியது. ஒவ்வொரு தடவையும் தந்தியின் நுனியை எச்சில் தொட்டு நனைத்து, துளையில் கோத்து, பல்லால் கடித்து இழுத்து இறுக்கினார்.

கோர்ட்டிலும் இடது கை சும்மா இருக்கவில்லை. வலது கை கிரயப் பத்திரத்துக்கு நகல் எழுதிக்கொண்டிருக்க, இடது கை விரல்கள் மேசை விளிம்பில் ஏறி இறங்கின.

“என்ன வே, இடது கைக்கு மட்டும் பேய் புடிச்சிருக்கா?” என்றார் சங்கரசுப்பிரமணியன். “எத்தன நாளைக்குன்னு பாப்போம். தைப்பூசம் தாண்டுமா?”

தைப்பூசம் எங்கே, கார்த்திகையே தாண்டாது போலிருந்தது. ஒரு நாள் சுருதி இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று முறுக்கியதில் முதல் தந்தி படீரென்று அறுந்து புறங்கையில் அடித்தது. வீணைக்குப் போடும் உருக்குக் கம்பியை அந்த இடத்தில் கட்டிப் பார்த்தார். அடிக்கட்டை கிறீச்சென்று பலகையை விட்டுப் பெயரப் பார்த்தது. பதறிப் போய் அவிழ்த்துவிட்டார். அறுந்த தந்தியை அவர் கோர்ட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பியூன் பிச்சைக்கண்ணு தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“மேலப்பாளையத்துல பஞ்சு கொட்டுத வில்லுல இதே மாதிரிதான் கட்டியிருப்பாவ அய்யா. அசன் முகம்மதுகிட்டக் கேட்டா கிடைக்கும்.”

அது எதில் செய்தது என்பது பிச்சைக்கண்ணுக்குத் தெரிந்துதான் இருக்கும். பிள்ளைவாளிடம் போய் அதை யார் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை, தூறலோடு தூறலாகக் குடையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை மேலப்பாளையம் போனார். அசன் முகம்மது பஞ்சுத்தூசிக்கு நடுவில் உட்கார்ந்து வில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறுந்த தந்தியை வாங்கி, நகத்தால் நிமிண்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அருமையான சரக்குல்லா இது! நம்மகிட்ட இருக்கது கொஞ்சம் தடிமன், பரவாயில்லையா?” என்று ஒரு துண்டை வெட்டிப் பிள்ளையின் கையில் வைத்தார்.

“இது என்ன நாரு, சாயபு?”

“நாரா?” அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஆட்டுக் கொடலு பிள்ளைவாள். கழுவிச் சொரண்டி, முறுக்கிக் காயப்போட்டா இப்படித்தான் வரும்.”

சந்தனமும் குங்குமமும் வைத்த அந்த மூன்று தந்திகள் பிள்ளையின் கண் முன்னால் வந்தன. அதற்குப் பின்னாலேயே தன்னுடைய பல்லும் ஞாபகத்துக்கு வந்தது.

“உங்க கோயில் மத்தளமும் தோலுதான பிள்ளைவாள், இதுல என்ன இருக்கு?” என்று அசன் முகம்மது ஆறுதலாகச் சொன்னார்.

“அத யாரும் பல்லால கடிக்கலையே சாயபு” என்றார் பிள்ளை.

வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் கூச்சம். மடியில் செருகவோ மனம் ஒப்பவில்லை. தந்தியைக் குடைக்குள் போட்டுக் குடையை மடக்கிக்கொண்டு, தூறலில் நனைந்தபடியே நடந்தார். கொக்கிரகுளத்துப் படித்துறையில் இறங்கி, செம்மண் நிறத்தில் ஓடிய தாமிரபரணியில் முங்கி முங்கி எழுந்தார். எத்தனை தடவை வாய் கொப்பளித்தார் என்பதற்குக் கணக்கில்லை. படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள், யாரோ செத்துப்போய்த் தலைமுழுகுகிறார் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

தலை துவட்டும்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. இதைவிட நல்ல சாக்கு இனிக் கிடைக்காது. மூன்று தலைமுறையாக அசைவம் நுழையாத வீடு, அதனால் விட்டுவிட்டேன் என்று சொன்னால் சங்கரசுப்பிரமணியன்கூடக் கைகூப்புவார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரியத்தைப் பாதியில் விட்டதற்காக ஊர் மெச்சும். வீட்டுக்கு வந்து பெட்டியையும் குடையையும் மாட்டுத் தொழுவத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தார்.

நிம்மதி காப்பி ஆறும் வரைகூட நிற்கவில்லை. காலை ஆட்டினார். எழுந்து கூடத்தில் நடந்தார். மறுநாள் கோர்ட்டில் ஒரு பத்திரத்தின் நகலில் வடக்கு எல்லையை எழுதாமல் விட்டு, தலைமைக் குமாஸ்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பத்து நாள் இப்படியே போயிற்று. வீணையை விட்டபோது இப்படி இருந்ததில்லை. தகடு உடைந்தபோதுகூட உள்ளுக்குள் ஒரு ஆசுவாசம்தான் இருந்தது. இந்தத் தடவை விரல்களுக்கு விட மனமில்லை. தான் விட விரும்பவில்லை என்பதைக் கண்டுபிடித்தபோது பிள்ளைக்குச் சந்தோஷத்துக்குப் பதில் பயம்தான் வந்தது. சாக்கு கையிலேயே இருக்கிறது, ஆனால் அது வேண்டாம் என்று தோன்றுகிறதே, இது என்ன கூத்து?

பதினோராம் நாள் தொழுவத்துக்குப் போய், குடைக்குள் கிடந்த தந்தியை எடுத்துக் கட்டினார். முடிச்சை இறுக்கக் குறடு கொண்டு போயிருந்தார். புதுத் தந்தி தடிமனாதலால் ஜலதோஷக்காரன் குரலில் பேசியது. பசு திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கோலில் வாயை வைத்தது. அன்றைக்கே முதல் அடி பிடிபட்டுவிட்டது.

தையில் பெண் குழந்தை பிறந்தது. பதினாறாம் நாள் காப்புக் கொலுசோடு பிள்ளை ஸ்ரீவைகுண்டம் போனார். தந்தி விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று வழி முழுக்க, வாழைத் தோட்டங்களைப் பார்த்தபடி ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். குழந்தையைப் பார்த்து முடித்ததும் பிரம்மநாயகி மெதுவாகக் கேட்டாள்.

“எங்க வரைக்கும் வந்திருக்கு?”

“ரெண்டடி.”

அவள் அவருடைய இடது கையை இழுத்து, விரல் நுனிகளைத் தடவினாள். நாலு விரலிலும் தோல் தடித்துக் காய்த்துப் போயிருந்தது.

“நெசமாத்தான் வாசிக்கிய” என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவர் தொட்ட காரியம் ஒன்றை அவள் நம்பி அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. தந்தி விஷயத்தைச் சொல்லாமலே ஊர் திரும்பினார். வண்டியில் வரும்போது தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

அதற்குப் பிறகு நாலாவது அடி சுலபமாக வந்துவிட்டது. மூன்றாவதுதான் வரவில்லை. அதற்குச் சுண்டுவிரல் நீண்டு போய் முதல் தந்தியில் வெகுதூரத்தில் அழுத்த வேண்டும். அந்தச் சுண்டுவிரல் ஒரு நாள் எட்டும், மறுநாள் எட்டாது. மாசி போய்ப் பங்குனியும் போயிற்று. பிள்ளை கடைசியில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். மூன்றாவது வர வேண்டிய இடத்தில் இரண்டாவதையே இன்னொரு தடவை வாசித்துவிட்டு நாலாவதுக்குப் போய்விடுவது. கேட்கிறவனுக்கு நாலடி கணக்குச் சரியாக இருக்கும்.

சித்திரைக் கடைசியில் பிரம்மநாயகி குழந்தையோடு வந்து இறங்கினாள். அன்று பிற்பகலே, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிள்ளை தொழுவத்திலிருந்து பெட்டியை எடுத்து வந்து, முக்காலியில் உட்கார்ந்து வாசித்தார். முதல் அடி, இரண்டு, மறுபடி இரண்டு, நாலு. முடித்துவிட்டு நிமிர்ந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை இன்னொரு பொய்யோடு சேர்த்து வாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை.

“பிரம்மு, அது கத்தாழ நாரு இல்ல. ஆட்டுக் கொடலு.”

அவள் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த கையை எடுத்தாள்.

“எனக்கு அன்னைக்குத் தெரியாது. தெரியாமலே சொல்லிட்டேன். கார்த்திகையிலதான் தெரிஞ்சது. அதுக்கு முன்னால நான் பல்லாலயும் கடிச்சிருக்கேன்.”

“சந்தனம் வச்சேனே நான்” என்றாள் அவள்.

“வச்ச.”

“பூவும் சாத்துனேன்.”

“சாத்துன.”

குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். கிணற்று ராட்டினம் சுற்றும் சத்தம் கேட்டது. ஒரு வாளி, இரண்டு வாளி, பத்து வாளி. அவள் தலைமுழுகுகிறாள். அதற்கப்புறம் பூசையறையைக் கழுவிவிடும் சத்தம் கேட்டது. மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் பிள்ளையால் காலை ஆட்டவும் முடியவில்லை. பெட்டியை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்துப் பார்த்தார். யார் முகமும் நினைவுக்கு வரவில்லை.

ஈரத் தலையோடு அவள் வந்து நின்றாள்.

“அது இனி வீட்டுக்குள்ள வரப்படாது.”

“சரி. நாளைக்கே குடுத்துருதேன்.”

“மூணாவதடி எங்க?”

பிள்ளை குனிந்து குழந்தையின் துணியைச் சரி செய்தார்.

“ரெண்டாவதையே ரெண்டு மட்டம் வாசிச்சிட்டு, முடிச்சாச்சின்னு உக்காந்திருக்கிய. எங்க வீட்டுப் பாட்டு, எனக்குத் தெரியாதாக்கும்? பாதியில விட்டுப்போட்டுக் குடுத்தா, நாளைக்குப் பிள்ளை கேக்கும்போது நான் என்ன சொல்லட்டும்? தொழுவத்துல வச்சி வாசிங்க. வாசிச்சிட்டுக் கைகால் கழுவிட்டு உள்ள வாங்க. பாட்ட முழுசா முடிங்க. முடிச்ச அன்னைக்கு அது இந்த வளவ விட்டுப் போயிரணும். ஒரு நாள்கூட அங்கன கிடக்கப்படாது.”

“அப்பிடியே ஆகட்டும்” என்றார் பிள்ளை. குழந்தையை வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

வைகாசி, ஆனி என்று தினமும் மாலை கோர்ட்டு விட்டு வந்ததும் பிள்ளை தொழுவத்துக்குப் போனார். சுண்டுவிரல் கொஞ்சம் கொஞ்சமாக வசத்துக்கு வந்தது. ஆடி மாதத்துச் சாரலும் காற்றுமாக இருந்த ஒரு சாயங்காலம், அவரே எதிர்பார்க்காத வேளையில், மூன்றாவது அடி பிசிறில்லாமல் ஏறி உச்சியைத் தொட்டது. நாலாவது தானாக இறங்கி வந்தது. கடைசியாக மீட்டிய தந்தியின் சத்தம் அடங்கும் வரை பிள்ளை விரலை எடுக்கவில்லை.

முடிந்துவிட்டது. பெட்டியை இன்றைக்கே வெளியே அனுப்ப வேண்டும். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல், வாத்தியத்தின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

தொழுவத்து வாசலில் பிரம்மநாயகி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, முந்தானை முழுக்கச் சாரலில் நனைந்திருந்தது. இடுப்பில் குழந்தை.

“கேட்டியா?” என்றார் பிள்ளை.

“கேட்டேன்.” அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் குழந்தையின் தலையைத் துடைத்துவிட்டாள். “மூணாவதடியில என்னமோ ஒண்ணு குறையுது.”

“எங்கன குறையுது? எல்லாந்தான்...”

“எனக்கென்ன தெரியும், நானா வாசிக்கேன்? குறையுது. நாளைக்கும் வாசிங்க.”

காசிலிங்கம் பிள்ளை அவளுடைய நனைந்த முந்தானையைப் பார்த்தார். பிறகு வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

“ஆமா, இன்னும் முடியலதான்” என்றார், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு காரியத்தை முடித்திருந்த அந்த மனிதர்.